பூட்டிக் கிடக்கும் விளையாட்டுக் கூடத்தை மறுபடி திறக்கப் போகிறீர்களா? ஷட்டரைத் தூக்கும் முன் இதைப் படியுங்கள்

திருச்சியில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடம் நடத்துகிறேன். ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடி, 2,400 சதுர அடி. டிராம்போலின், பந்துத் தொட்டி, மெத்தைச் சறுக்கு, ஒன்றோடொன்று மோதி விளையாடும் டேஷிங் கார் ஆறு, பத்துப் பன்னிரண்டு டோக்கன் விளையாட்டு, ஓரத்தில் ஒரு பாப்கார்ன் கவுண்டர். கொரோனாவால் மார்ச் 2020 நடுவில் பூட்டினேன். நவம்பர் 10 முதல் பொழுதுபோக்குப் பூங்காக்களைத் திறக்கலாம் என்று தமிழக அரசு சொன்னது. 14ஆம் தேதி தீபாவளி. எட்டு மாதம் வருமானமே இல்லாதவனுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டு நாள் பெருக்கித் துடைத்து, வாசலில் வாழைமரம் கட்டி, 13ஆம் தேதி மாலை திறந்துவிட்டேன்.

ஆறே முக்காலுக்குக் கரன்ட் போனது. யு.பி.எஸ். ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது. எட்டு மாதம் சார்ஜ் ஏறாமல் அதன் பேட்டரி செத்திருந்தது. ஜெனரேட்டரை முடுக்கப் போனால் அதன் பேட்டரியும் காலி. மாடியில் 22 குழந்தைகள், கும்மிருட்டு, பெற்றோரின் கைபேசி வெளிச்சம் மட்டும். ஏழு நிமிடம். யாருக்கும் அடிபடவில்லை, அது என் சாமர்த்தியமில்லை. அன்று கல்லாவில் விழுந்தது 4,200 ரூபாய். அதில் 3,100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாளே மூடினேன். தீபாவளி போனது.

அதன் பிறகு இரண்டு முறை மூடித் திறந்தாயிற்று. வைரஸுக்கு மட்டுமே பயந்து, பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குப் பயப்படாமல் விட்டதுதான் என் முதல் தப்பு. நீண்ட நாள் மூடிய கூடத்தைத் திறப்பவர்களுக்கும், மூடிக் கிடக்கும் ஒன்றை வாங்கி நடத்த நினைப்பவர்களுக்கும் இது.

1. அந்த அனுமதி உங்களுக்குத்தானா?

தொலைக்காட்சியில் ஓடும் வரியை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அதைவிடவும் நம்பாதீர்கள். அரசாணையின் முழு நகலைப் படியுங்கள்.

மத்திய அரசு 15 அக்டோபர் 2020 முதல் பொழுதுபோக்குப் பூங்காக்களை அனுமதித்தது. தமிழ்நாட்டில் அது நவம்பர் 10. இடையில் இருந்த நாட்களில் "டெல்லியே சொல்லிவிட்டது" என்று திறந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மத்திய விதியை மாநிலம் இறுக்கலாம், தளர்த்த முடியாது. ஆகவே இரண்டையும் பார்த்து, எது கடுமையோ அதைப் பின்பற்றுங்கள்.

மாலுக்குள் கூடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. ஜூன் 2020இல் மால்களுக்கு வந்த மத்திய சுகாதார அமைச்சக வழிமுறையிலேயே, உள்ளே இருக்கும் வீடியோ கேம் கூடங்களும் குழந்தைகள் விளையாடும் இடங்களும் மூடியே இருக்க வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தது. மால் திறந்தால் நாமும் திறக்கலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் தெரு, தொற்றுக்காக அடைத்து வைக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் வருகிறதா என்பதை மாநகராட்சிக் கோட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தெருவுக்குத் தெரு மாறியது அது.

நம் தொழிலின் பெரிய சங்கடம், 10 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருப்பதே நல்லது என்று அந்த வழிமுறைகள் சொன்னதுதான். எங்களிடம் வருவதே மூன்று முதல் ஒன்பது வயது வரை! அது தடையில்லை, அறிவுரை. அதற்காக அறிவுரையை மறைத்து வியாபாரம் செய்யக் கூடாது. நான் அதை அப்படியே பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைத்தேன். பொதுக் கூட்டத்தைச் சேர்க்காமல், ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு மட்டும் கூடத்தை முழுதாகக் கொடுக்கும் முறைக்கு மாறினேன். வருமானம் பாதியாகக் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் பயமில்லாமல் வந்தார்கள்.

2. 21 நாள் பின்னோக்கி எண்ணுங்கள்

திறக்கும் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் போங்கள். முதல் வாரம் காகிதமும் மின்சாரமும் தண்ணீரும். இரண்டாவது வாரம் இயந்திரங்களும் காற்றும். மூன்றாவது வாரம் ஆட்களுக்குப் பயிற்சி, ஒத்திகை. மூன்று வாரம் ஏன் என்றால், அனுமதி வந்ததும் ஊரிலுள்ள எல்லாக் கடைக்காரரும் அதே எலக்ட்ரீஷியனையும் அதே ஏ.சி. மெக்கானிக்கையும்தான் கூப்பிடுவார்கள். எனக்கு ஏ.சி. ஆள் வர ஒன்பது நாள் ஆனது.

அனுமதி வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பராமரிப்புக்காகக் கதவைத் திறப்பது வேறு, வாடிக்கையாளரை உள்ளே விடுவது வேறு. காவல்துறையினர் கேட்டால் காட்ட, என்ன வேலை நடக்கிறது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு முறை உதவியது.

3. காகிதங்கள்

இதில் ஒன்றும் கஷ்டமில்லை, எரிச்சல்தான் அதிகம்.

மாநகராட்சித் தொழில் உரிமம் பொதுவாக மார்ச் 31உடன் முடியும். 2020இல் பூட்டிய பலருக்கு உரிமம் பூட்டிய கூடத்துக்குள்ளேயே காலாவதியானது. புதுப்பிக்கப் போகும்போது சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், தொழில் வரி ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள். வாடகை ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். எனக்கு நின்றது. கட்டட உரிமையாளரைத் தேடிக் கையெழுத்து வாங்க ஐந்து நாள்.

பாப்கார்னோ பப்ஸோ விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவின் தேதியைப் பாருங்கள். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாகத்தான் இருந்தது. அன்றிருந்த விதிப்படி காலாவதிக்கு 30 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்காவிட்டால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். நூறு ரூபாய்ப் பதிவுக்கு மூவாயிரம் அபராதம் கட்டியவன் சொல்கிறேன். பழைய எண்ணெய், மக்காச்சோளம், குளிர்பானம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். "தேதி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே" என்று பார்க்காதீர்கள்.

ஜி.எஸ்.டி.யில், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் பூஜ்யக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் விட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. பூஜ்யக் கணக்குக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய்தானே என்று அலட்சியமாக இருந்தால், மாதத்துக்கு மாதம் அது தனித்தனியாக ஏறும். ஜூன் 2020 முதல் பூஜ்யக் கணக்கைக் குறுஞ்செய்தியிலேயே தாக்கல் செய்ய முடிந்தது. அது எனக்குத் தெரிந்தது டிசம்பரில்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். தீ விபத்துக் காப்பீட்டில், கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பூட்டியிருக்கும்போது தீப்பிடித்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். மூடுவதையும் திறப்பதையும் நிறுவனத்துக்குக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

கடனைப் பற்றி ஒரு வரி. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தந்த தவணைச் சலுகையைத் தள்ளுபடி என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அசலும் வட்டியும் அங்கேயேதான் இருந்தன, தேதி மட்டும் தள்ளிப்போனது. இப்படி எந்தச் சலுகை வந்தாலும் "மொத்தம் எவ்வளவு கூடும்?" என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

4. உள்ளே போனதும் மெயினைப் போடாதீர்கள்

ஆள் இல்லாத இடத்தில் எலி குடும்பம் நடத்தும். என் டேஷிங் கார் மேடைக்கு அடியில் ஒயரின் மேலுறையைக் கடித்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. மேடை முழுக்க இரும்புத் தகடு. எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "சார், மெயினைத் தொட்டீங்களா?" தொட்டிருந்தேன், முந்தின நவம்பரில். எலி அதற்கப்புறம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து அரை நாள் விடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் சுற்றி வந்து எலிப் புழுக்கை, ஈரக்கறை, கூரைக் கசிவு எங்கெல்லாம் இருக்கிறதென்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு லைனாக, ஒயரின் மேலுறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று மெக்கர் என்ற கருவி வைத்துப் பார்த்த பிறகே மெயின். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்சாரத்தை வெட்டும் பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். என்னுடையது விழவில்லை. மாற்றினேன். ஆள் கூலியும் சேர்த்து 6,500 ரூபாய்.

யு.பி.எஸ். பேட்டரி இரண்டு, 27,000. ஜெனரேட்டரில் பழைய டீசலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, பேட்டரிக்கு உயிர் கொடுக்க 4,000. இதைத் தள்ளிப்போடாதீர்கள், என் தீபாவளிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: தொட்டியில் மாதக்கணக்காக நின்ற தண்ணீரைத் திறந்து கை கழுவ விடாதீர்கள். சம்ப், மேல்தொட்டி இரண்டையும் வடித்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றி, கடைசிக் குழாய்வரை எல்லாவற்றையும் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். தேங்கிய நீரில் நிமோனியா தரும் கிருமி வளரும், அதன் திவலையைச் சுவாசித்தாலே நோய் வரலாம். மூச்சு நோய்க்குப் பயந்து கை கழுவ வைத்து, அந்தக் குழாயிலிருந்தே இன்னொரு மூச்சு நோயைக் கொடுக்கக் கூடாதில்லையா?

தீயணைப்பான்களில் முள் பச்சையில் இருக்கிறதா பாருங்கள். ஐந்தையும் நிரப்ப எனக்கு 4,000 ஆனது. கட்டடத்துக்கான தீயணைப்புச் சான்று உரிமையாளரிடம் இருக்கும், நகல் வாங்கி வையுங்கள்.

5. ஒவ்வொரு விளையாட்டாக

டிராம்போலினில் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பாருங்கள். துரு பிடித்தது மேலே தெரியாது, கொக்கி வளைவின் உள்பக்கம் தெரியும். ஓரத்து மெத்தையைக் கட்டிய நாடா இற்றுப்போயிருக்கும். ஸ்பிரிங்கும் மெத்தையும் மாற்ற 14,000 ஆனது. வலையைக் கட்டிய பிளாஸ்டிக் டேக்குகளை யோசிக்காமல் மொத்தமாக வெட்டி எறிந்து புதிதாகக் கட்டுங்கள். வெயில் படும் ஜன்னல் பக்கம் இருந்தவை தொட்டதும் நொறுங்கின.

சறுக்கு, ஏணி, தொங்குபாலம் எல்லாவற்றிலும் நட்டு போல்ட்டை இறுக்கிய பிறகு, மணல் மூட்டையோ வளர்ந்த ஆளோ ஏறிச் சோதிக்க வேண்டும். என் மச்சான் 94 கிலோ, அவர்தான் எங்கள் சோதனை அதிகாரி.

பந்துத் தொட்டியை மூடிவிடுங்கள் என்பதே என் யோசனை. ஆறாயிரம் பந்துகளை வலைப் பையில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயவைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள். அதைத் தினமும் யார் செய்வது? செய்யாமல் "சுத்தப்படுத்தப்பட்டது" என்று பலகை வைக்க மனசு வரவில்லை. டிராம்போலினிலிருந்து குதித்து விழும் பஞ்சுக் குழிக்கும் இதேதான். பஞ்சுக் கட்டைகளைக் கழுவவும் முடியாது, காயவும் காயாது. அந்த இடத்தில் மெத்தை விரித்துச் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய கட்டைகள் வைத்தேன், அதற்குத்தான் இப்போது கூட்டம்.

6. கிருமிநாசினியில் பணத்தைக் கரைக்காதீர்கள்

முதல் முறை நான் வாங்கிய இரண்டு பொருட்கள்: ஆள் மேல் மருந்து தெளிக்கும் சுரங்க வாசல் 28,000, புகைபோடும் இயந்திரம் 9,000. ஆள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 2020லேயே சொல்லியிருந்தது. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், பலனும் இல்லை. அந்த வாசல் சட்டம் இப்போது எங்கள் வீட்டில் அவரைப் பந்தலாக நிற்கிறது.

தரைக்கும் கழிப்பறைக்கும் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) போதும். கடையில் கேன் வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு. அன்றன்று கலக்க வேண்டும். வெயிலில் கிடந்த பழைய கேனில் வீரியம் இறங்கியிருக்கும். தடவிப் பத்து நிமிடம் விட்டு, குழந்தைகள் தொடும் இடங்களை நல்ல தண்ணீரால் மறுபடி துடையுங்கள், ஏனென்றால் நக்குகிற வயது அது. இரும்பில் படவிட்டால் துரு, ரெக்ஸினில் படவிட்டால் வெளுத்து வெடிப்பு. அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரே நன்று. டோக்கன் இயந்திரத்தின் பொத்தானுக்கும் திரைக்கும் 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மேலே அடிக்காதீர்கள்.

ஹைப்போகுளோரைட்டைக் கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சுத்தம் செய்யும் அக்காவிடம் ஒரு முறை சொன்னால் போதாது. இரண்டு பாட்டில்களையும் இரண்டு வேறு அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லாதது. காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்டின் மூக்கு சரியாக ஐந்து வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். பெரியவர் மிதிக்க, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணில் பீச்சும். குழந்தைகளுக்குச் சோப்பும் தண்ணீரும் வையுங்கள். சானிடைசரை ஓர் ஊழியர் கையில் வைத்துக்கொண்டு ஊற்றட்டும்.

7. காற்று: பணம் போட வேண்டிய இடம் இதுதான்

தரையை மணிக்கொரு முறை துடைப்பது பெற்றோர் கண்ணுக்குத் தெரியும். காற்று தெரியாது. அதனாலேயே நாம் எல்லோரும் தரைக்குச் செலவழித்தோம். கொரோனா காற்றுவழியேயும், அதிலும் காற்றோட்டமில்லாத, ஆள் நெருங்கிய அறைகளில் பரவுகிறது என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடி ஆடும் குழந்தை, உட்கார்ந்திருக்கும் ஆளைவிடப் பலமாக மூச்சு விடும், கத்தும். நம் கூடமோ ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட பெட்டி. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும்.

கணக்கு சின்னதுதான். என் கூடம் 2,400 சதுர அடி, உயரம் 11 அடி. 26,400 கன அடி, அதாவது ஏறக்குறைய 750 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 4,500 கன மீட்டர் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். வலை, மூடி, தூசி எல்லாம் போகப் பாதிதான் கைக்கு வரும் என்று நான் கணக்கிட்டேன். 4,500 போட்ட 18 அங்குல ஃபேன் இரண்டு வாங்கினேன். சுவரில் ஓட்டை போட்டு மாட்ட, எல்லாமாகச் சேர்த்து 18,000 ரூபாய்.

மாட்டியும் புழுக்கம் குறையவில்லை! ஃபேன் இழுக்கிறது, உள்ளே வர வழியில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு ஜன்னல்களின் கண்ணாடியைக் கழற்றிக் கொசுவலையும் மழைத் தடுப்பும் வைத்த பிறகுதான் காற்று நகர்ந்தது. நகர்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். கூடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஏற்றிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எங்கள் கூடத்தில் கழிப்பறையிலிருந்து புகை கூடத்துக்குள் வந்தது. கழிப்பறைக்கு ஒரு சின்ன ஃபேன் வைத்ததும் திசை மாறியது. பிறந்தநாள் அறையில் புகை அசையவே இல்லை. அந்த அறையை மூடிவிட்டு, கேக் வெட்டுவதை வெளி வராந்தாவுக்கு மாற்றினேன்.

அப்புறம் கரியமில வாயு அளக்கும் கருவி. வெளிக்காற்றில் அது சுமார் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. மூச்சுக்காற்று தேங்கத் தேங்க எண் ஏறும். நான் 800 தாண்டினால் அடுத்த குழுவை நிறுத்துவேன், 1,000 என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைத் திறந்து விடுவேன். வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைப்பவற்றில் பல இந்த வாயுவை அளப்பதே இல்லை, வேறு எதையோ மோப்பம் பிடித்து ஒரு எண்ணைக் காட்டும். பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்து பாருங்கள். எண் எகிறினால் அது போலி. அகச்சிவப்பு சென்சார் உள்ளதை வாங்குங்கள். எனக்கு 7,500 ஆனது.

ஏ.சி.யை 24 முதல் 30 டிகிரிக்குள், ஈரப்பதத்தை 40 முதல் 70 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்னது அன்றைய வழிமுறை. ஜன்னல் திறந்தபடி ஏ.சி. ஓட்டினால் ஈ.பி. பில் ஏறும், மறுக்கவில்லை. நான் 27இல் வைத்துக் கூரை ஃபேனையும் சேர்த்துப் போட்டேன். "ஏ.சி. போடலையா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அளவுக் கருவியைக் காட்டினேன். கொஞ்ச நாளில் குழந்தைகளே அதைப் பார்த்து எண் சொல்ல ஆரம்பித்தன.

8. ஆட்கள்

ஏழு பேரில் மூன்று பேர்தான் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அதில் தப்பில்லை. புது ஆட்களுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். காய்ச்சல் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். பிடித்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள். ஐந்து நாள் சம்பளம் மிச்சம் பிடிக்கப் போய்க் கூடத்தை இரண்டு வாரம் மூட வேண்டியிருக்கும்.

முகக்கவசத்தில் குழந்தைகளை நச்சரிக்கக் கூடாது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் வேண்டாம், 6 முதல் 11 வரை பெற்றோர் பார்வையில் போடலாம், 12க்கு மேல் பெரியவர்களைப் போல என்று ஜூன் 2021இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. அதையே ஒட்டி வைத்ததில் வாசலில் வாக்குவாதம் வரவில்லை.

9. கல்லா, சீட்டு, பழைய பாக்கி

45 நிமிடம் விளையாட்டு, 15 நிமிடம் இடைவெளி. முன்பதிவு கைபேசியில். ஆனால் நேரடியாக வந்துவிடும் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டமான வேலை, அதற்கு நீங்களே வாசலில் நில்லுங்கள். ஊழியர் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வெப்பமானியை வெயிலில் வந்தவர் நெற்றியில் உடனே வைத்தால் எல்லோருக்கும் காய்ச்சல் காட்டும். பைக்கில் வந்த அப்பாக்களை ஐந்து நிமிடம் நிழலில் உட்காரச் சொல்லி அப்புறம் பாருங்கள்.

பெயர், எண் எழுதும் நோட்டைத் திறந்து மேசை மேல் வைக்காதீர்கள். அதிலிருந்து ஓர் அம்மாவின் எண்ணை யாரோ பார்த்து எழுதிக்கொண்டு தொல்லை கொடுத்தது எங்கள் கூடத்திலேயே நடந்தது. தனித்தனிச் சீட்டில் எழுதி வாங்கிப் பூட்டிய பெட்டியில் போடுங்கள். ஒரு மாதம் ஆனதும் கிழித்து எரித்துவிடுங்கள்.

மூடுவதற்கு முன் பிறந்தநாள் விழாவுக்கு முன்பணம் கொடுத்தவர்களும், டோக்கன் கார்டில் மீதி வைத்திருப்பவர்களும் திறந்த முதல் வாரமே வருவார்கள். கார்டின் தேதி முடிந்தது என்று சொன்னால் உங்களுக்கு 300 ரூபாய் மிச்சம், அந்தத் தெருவே போய்விடும். நான் பழைய கணக்கை ஒரு நோட்டில் எடுத்து எழுதி, நானே கூப்பிட்டுச் சொன்னேன்: "பணமாக வேண்டுமா, தேதியாக வேண்டுமா?" பதினொரு பேரில் நான்கு பேர் பணம் கேட்டார்கள். ஒருவர் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த முன்பணத்தை ஏழாவது பிறந்தநாளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

10. ஒத்திகை நாள்

ஊழியர்களின் குடும்பங்களை மட்டும் கூப்பிடுங்கள். இலவசம் என்று அறிவித்தால் கூட்டம் கூடிவிடும். நடுவில் நீங்களே மெயினை அணையுங்கள். யு.பி.எஸ். எத்தனை நொடியில் எடுக்கிறது, ஜெனரேட்டர் எப்போது வருகிறது, ஊழியர் யார் எங்கே ஓடுகிறார், எல்லாக் குழந்தைகளும் படியிறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். எங்களுக்கு முதலில் ஆறு நிமிடம், மூன்றாவது தடவை இரண்டரை.

திறப்பு விழாவைச் செவ்வாய், புதனில் வையுங்கள். சனி ஞாயிறில் வேண்டாம், பண்டிகைக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம்.

முதல் இரண்டு தடவையும் சேர்த்து உருப்படியான வேலைகளுக்கு எனக்கு ஆனது ஏறக்குறைய 96,000 ரூபாய், வாடகையும் சம்பளமும் தவிர. மருந்து வாசலும் புகை இயந்திரமும் இதில் சேரவில்லை, அதை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

11. வந்தவர்களில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால்

மறைக்காதீர்கள். சீட்டுப் பெட்டியைத் திறந்து அதே நேரத்தில் வந்தவர்களை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மாநகராட்சி சுகாதார ஆய்வாளரின் எண்ணைத் திறப்பதற்கு முன்பே வாங்கி வைத்திருங்கள். ஒரு நாள் மூடி, ஜன்னல்களைத் திறந்து போட்டு, சுத்தம் செய்து திறக்கலாம். எனக்கு ஒரு தடவை நடந்தது. ஐந்து குடும்பங்களைக் கூப்பிட்டேன். ஒருவர் திட்டினார், நான்கு பேர் மறுபடி வந்தார்கள்.

12. அடுத்த முறை பூட்டும்போது

ஜனவரி 2022இல் மூன்றாவது முறையாக மூடச் சொன்னார்கள். அன்று மாலை செய்தவை: யு.பி.எஸ்.ஸைத் தவிர மற்ற லைன்களை அணைத்தேன். டேஷிங் கார் பேட்டரிகளின் இணைப்பைக் கழற்றினேன். தண்ணீர்த் தொட்டியை வடித்தேன். உணவுப் பொருட்களை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். எலி வரும் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சனிக்கிழமைதோறும் போய் ஜெனரேட்டரைப் பதினைந்து நிமிடம், ஏ.சி.யை அரை மணி நேரம் ஓட்டி, பிரேக்கர் பொத்தானை அழுத்திப் பார்த்து, நோட்டில் தேதி போட்டேன். அந்த முறை திறக்க 21 நாள் தேவைப்படவில்லை. ஆறே நாள், செலவு 5,300 ரூபாய். அதிலும் 1,200 புது வலைக்கு, மச்சான் ஏறிச் சோதித்ததில் பழையது கிழிந்துவிட்டது.